லியோன் ஃப்ளைஷர்: ஒருவரா, மூவரா?

சுருதிப்பெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். நிஜப் பியானோ இல்லை, 88 கட்டை டிஜிட்டல். கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்வதிலேயே பொழுது போய்விடும். எனக்கென்று உட்கார்ந்து கேட்பது ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான்.

போன வாரம் அப்படிக் கேட்கும்போது பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவும் தனிப் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அகப்பட்டது. 1958 பதிவு. ஜார்ஜ் செல் நடத்தும் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ரா, பியானோ லியோன் ஃப்ளைஷர். முதல் பகுதியில் ஆக்டேவ் ட்ரில்கள் (ட்ரில் என்றால் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் மாறி மாறி வேகமாக அதிர்வது) வரும் இடத்தில் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அப்படி ஒரு வாசிப்பு.

அதே பெயரைத் தட்டித் தேடினால் அடுத்து வந்தது ராவெல், ப்ரொகோஃபியெவ், பிரிட்டன் மூவரும் இடது கைக்கு மட்டும் எழுதிய கச்சேரிப் படைப்புகள். சரி, பெயர் ஒற்றுமையாக இருக்கும், அப்பாவும் பிள்ளையுமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவதாக வந்தது 2004-ல் வெளியான ஆல்பம். பெயரே 'டூ ஹேண்ட்ஸ்'. பாக், ஷோப்பேன், ஷூபர்ட், எல்லாம் இரண்டு கையாலும்! அட்டையில் தாடி வைத்த பெரியவர்.

இவர் ஒருவரா, மூவரா? ஒருவர்தான் என்றால் நடுவில் வலது கைக்கு என்ன ஆனது, எப்படித் திரும்பி வந்தது? இணையத்தில் தேடினால் "அதிசயம்", "மறுபிறவி" என்றுதான் போட்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சும்மா ஒருவன்:

ஒரே ஆள்தான் மேடம். அமெரிக்கர். 1964 வாக்கில் வலது கை விரல் மடங்கிப்போனது. முப்பது வருஷம் இடது கையால் மட்டும் வாசித்தார். அப்புறம் போடாக்ஸ் ஊசி போட்டுக் குணமானார். நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போடுவார்களே, அதே ஊசிதான். 2020-ல் காலமானார். அவ்வளவுதான் கதை.

பழைய லெட்ஜர்:

டீச்சருக்கு வணக்கம். தம்பி சொன்னதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மீதி சரி. "குணமானார்" என்பதுதான் அந்தச் சொல். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயில் நாகஸ்வரத்தைத் தாண்டி எதையும் உட்கார்ந்து கேட்டவன் இல்லை. 1979-ல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்போது லெட்ஜர் எல்லாம் கையால்தான். ஒரு நாளைக்கு இருநூறு என்ட்ரி போடுவேன், என் எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று மேனேஜரே சொல்வார். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பேனாவை எடுத்தேன், சுட்டு விரல் தானாக மடங்கிக்கொண்டு பேனாவை உள்ளங்கைக்குள் இழுத்தது. விரித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடி மடங்கியது. கவனியுங்கள், பேனாவை எடுத்தால் மட்டும்தான். அதே கையால் இட்லியைப் பிட்டுச் சாப்பிடலாம், பொத்தான் போடலாம், நோட்டுக் கட்டு எண்ணலாம். வாடிக்கையாளர் பாஸ்புக்கை நீட்டும்போதுதான் முதுகில் வேர்க்கும்.

கழுத்து எலும்பு என்றார் ஒரு டாக்டர். மனசுதான் என்றார் இன்னொருவர். வைட்டமின் ஊசி, தைலம், கையை மெழுகில் முக்குவது, எல்லாம் ஆயிற்று. வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறேன் என்று சொன்ன உறவினர்களும் உண்டு. கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, நான் பிழைத்தேன். தட்டச்சில் அந்த விரல் ஒரு தொந்தரவும் செய்யவில்லை! பத்து வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு நரம்பு டாக்டர் பேனாவைக் கொடுத்து என் பெயரை எழுதச் சொன்னார். இரண்டு நிமிஷம் என் கையையே பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னார்: டிஸ்டோனியா. அந்தச் சொல்லை மகனை விட்டு இணையத்தில் தேடச் சொன்னேன். வந்து நின்றவர் ஃப்ளைஷர். அவர் வாசித்தது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் பிராம்ஸையும் ஷூபர்ட்டையும் கேட்க ஆரம்பித்தேன்.

இனி அவர் கதை.

1928-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். அப்பாவுக்குத் தொப்பித் தொழில். பியானோ பாடம் நடந்தது அண்ணனுக்குத்தான். வாத்தியார் போனதும், மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பி வந்து அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் வாசித்துக் காட்டினான். பாடம் தம்பிக்கு மாறியது. ஒன்று அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதி ஆக வேண்டும், இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞன் ஆக வேண்டும் என்று அம்மா இரண்டே வழி வைத்தாராம். எல்லா ஊரிலும் அம்மாக்கள் ஒரே மாதிரிதான்.

அந்தக் காலத்தில் ஆர்தர் ஷ்னாபெல் என்றால் பீத்தோவனுக்கே வாரிசு மாதிரி. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி, அவர் குரு செர்னி, செர்னியின் குரு பீத்தோவன். பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை என்று ஷ்னாபெல் விதி வைத்திருந்தார். பையனுக்கோ ஒன்பது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் என்ற ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் வீட்டுக்கு ஷ்னாபெல் விருந்துக்கு வந்திருந்தபோது, பையனை நிலவறை வழியாக உள்ளே கொண்டுவந்து பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அறைக்குள் வந்தவருக்கு, பையன் வாசிப்பதைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டார், சேர்த்துக்கொண்டார். 1938-ல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் பாடம் தொடங்கியது. போர் வந்ததும் குரு நியூயார்க்குக்கு வந்துவிட்டார், அங்கே தொடர்ந்தது. மொத்தம் பத்து வருஷம்.

டீச்சர், நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தீர்களே, அந்தப் பிராம்ஸ் கான்செர்ட்டோவைத்தான் இவர் 1944-ல் பதினாறு வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு வாசித்து அரங்கேறினார். நடத்தியவர் பியர் மோந்தோ. நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று இவரைப் பற்றிச் சொன்னவர். 1952-ல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு, அதை வென்ற முதல் அமெரிக்கர் இவர்தான். அப்புறம் ஜார்ஜ் செல் நடத்த, கிளீவ்லாந்தில் பிராம்ஸின் கான்செர்ட்டோ இரண்டும், பீத்தோவனுடையது ஐந்தும் பதிவு. அறுபது வருஷம் ஆகியும் அந்தப் பீத்தோவன் பதிவுகளை யாரும் ஓரம் கட்டவில்லை. மேற்கத்திய இசையை நாற்பது வயதுக்கு மேல் கேட்க ஆரம்பித்த என் காதுக்கே அதில் ஒரு இடத்திலும் வீண் ஆடம்பரம் இல்லை என்று தெரிகிறது.

முப்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் சாதகம். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டின. சோம்பேறிக்கு என்ன மருந்து? இன்னும் அதிக வேலை. வலியோடு வாசித்தார், இன்னும் அதிகமாக வாசித்தார். பத்து மாசத்துக்குள் அந்த இரண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டன. 1965-ல் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ரா சோவியத் யூனியனுக்கு நீண்ட பயணம் போகவிருந்தது, கூட வாசிக்க வேண்டியவர் இவர். புறப்படச் சில வாரமே இருக்கும்போது மோட்சார்ட் கச்சேரி ஒன்றில் இவர் படும் பாட்டைப் பார்த்த செல், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கறாரான மனிதர், ஆனால் அந்த நேரத்தில் வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் என்னென்னவோ வைத்தியம். மரத்துப்போகச் செய்யும் ஊசி, ஹிப்னாடிசம், மனநல சிகிச்சை, வாசனை எண்ணெயிலிருந்து ஜென் தியானம் வரைக்கும். என் மெழுகுக் குளியல் எல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம். மணவாழ்க்கை முறிந்தது. தலைமுடி வளர்த்தார், தாடி வைத்தார், ஒரு வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கினார். செத்துப்போகலாமா என்றுகூட யோசித்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஒரு கட்டத்தில் அவருக்குப் பிடிபட்டது, தனக்கும் இசைக்கும்தான் உறவு, இரண்டு கையால் வாசிப்பதற்கும் தனக்கும் இல்லை என்பது. இதைச் சொல்வது சுலபம். அந்த வயதில், அந்த உயரத்திலிருந்து விழுந்த பிறகு, நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இடது கைப் படைப்புகளை எடுத்தார். ஆர்கெஸ்ட்ரா நடத்தக் கற்றுக்கொண்டார். (கண்டக்டர் என்று எழுதினால் என் பேரன் பஸ்ஸை நினைத்துக்கொள்கிறான்.) 1967-ல் வாஷிங்டனில் நண்பரோடு சேர்ந்து ஒரு சிறு இசைக்குழு தொடங்கினார், 1970-ல் அன்னாபொலிஸ் சிம்ஃபனிக்குப் பொறுப்பேற்றார், அப்புறம் பால்டிமோர் சிம்ஃபனியில் இணை நடத்துநர்.

பாடம் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். பால்டிமோரில் பீபாடி இசைப்பள்ளியில் 1959-லிருந்து வாத்தியார். கை நன்றாக இருந்தபோது, மாணவன் தப்பாக வாசித்தால் "நகரு" என்று தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடுவார். கை போன பிறகு அது முடியாது. ஒரு பீத்தோவன் வரியில் சத்தம் எங்கே ஏற வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லியாக வேண்டும். தன்னை நல்ல வாத்தியாராக்கியது அதுதான் என்றார். ஆந்த்ரே வாட்ஸ், எஃபிம் பிரான்ஃப்மன், லூயி லோர்ட்டி, ஜானதன் பிஸ், எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். முப்பது வருஷம் இவர் மூலையில் உட்கார்ந்து வலது கைக்காகக் காத்திருந்த மாதிரி எழுதுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

இனி அந்த "குணமானார்". அது ஏற்கெனவே ஒருமுறை அறிவிக்கப்பட்ட செய்தி. 1980களின் தொடக்கத்தில் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கார்ப்பல் டனல் என்றார்கள். கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. 1982 செப்டம்பரில் பால்டிமோரில் மேயர்ஹாஃப் அரங்கத் திறப்பு விழா, ஃப்ளைஷர் இரண்டு கையோடு திரும்புகிறார் என்று ஊரெல்லாம் செய்தி, தொலைக்காட்சி ஒளிபரப்பு. முதலில் பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோ வாசிப்பதாக இருந்தது. அது எப்படி ஆரம்பிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆர்கெஸ்ட்ரா இல்லை, பியானோ மட்டும், மெதுவாக, ஒளிய ஓர் இடம் இல்லாமல். கடைசியில் அதை விட்டுவிட்டு ஃபிராங்கின் சிம்ஃபனிக் வேரியேஷன்ஸ் வாசித்தார், பதினைந்து நிமிஷச் சமாச்சாரம். சபை எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. ஒவ்வொரு ஸ்வரத்தையும் எப்படிச் சமாளித்தோம் என்று தெரிந்த ஒரே ஆள் மேடைக்குப் பின்னால் போய் அழுதார். வரிசையாக ஏற்பாடாகியிருந்த இரண்டு கைக் கச்சேரிகளை விட்டுவிட்டு மறுபடி இடது கைக்கே போனார்.

ஊரே கைதட்டும்போது "எனக்குச் சரியாகவில்லை" என்று சொல்வது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

நோயின் சரியான பெயர், அதே டிஸ்டோனியா, 1990களில்தான் தெரிந்தது. போடாக்ஸ் அதற்குப் பிறகு, கூடவே ரோல்ஃபிங் என்ற ஆழமான மசாஜ். விரல் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. 1995-ல் கிளீவ்லாந்தில் மோட்சார்ட்டின் ஏ மேஜர் கான்செர்ட்டோ, அவர் படைப்புப் பட்டியலில் கே. 414. மறுபடி அதே ஊர். ஆனால் ஊசியின் வேலை சில மாதம்தான், திரும்பத் திரும்பப் போட வேண்டும். தனக்குச் சரியாகிவிட்டது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. மேடையில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு விரலோடும் பேரம் பேசித்தான் வாசித்தார். எந்தப் பாட்டை எடுப்பது, எந்த ஸ்வரத்தை எந்த விரலுக்குத் தள்ளுவது என்று எல்லாமே கணக்கு.

கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் இப்போது இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறேன். மாதிரிக் கையெழுத்தை மாற்றக் கோரும் விண்ணப்பத்தை எழுத என்னால் முடியவில்லை, பக்கத்து சீட்டு நண்பர் எழுதித் தந்தார்.

சும்மா ஒருவன்:

மன்னிக்கணும் ஐயா, விக்கி படித்துவிட்டு எழுதினேன். "குணமானார்" என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். இடது கைக்கு மட்டும் இவ்வளவு படைப்புகள் எங்கிருந்து வந்தன? இவருக்காக எழுதினார்களா?

கீழ்ஸ்தாயி:

பெரும்பாலும் இல்லை. முன்னால் ஒருவர் கையை இழந்து வைத்துவிட்டுப் போன சொத்து அது.

பால் விட்கென்ஸ்டைன். வியன்னாவின் பெரும் பணக்காரக் குடும்பம், தத்துவ ஞானி லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன். 1914-ல் ரஷ்ய முனையில் சண்டையில் காயம் பட்டு வலது கையையே எடுத்துவிட்டார்கள். போர்க்கைதியாக இருக்கும்போதே ஒற்றைக் கையால் எப்படி வாசிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பணம் இருந்தது, அன்றைய பெரிய ஆட்களுக்கெல்லாம் காசு கொடுத்து எழுத வைத்தார். ராவெலின் கான்செர்ட்டோ அப்படி வந்ததுதான், 1932 ஜனவரியில் வியன்னாவில் முதலில் வாசித்தார். வாசிக்கும்போது தன் இஷ்டத்துக்கு மாற்றினார், ராவெலுக்குக் கோபம், பெரிய சண்டை. ப்ரொகோஃபியெவ் எழுதித் தந்ததை, ஒன்றும் புரியவில்லை என்று வாசிக்கவே இல்லை. அது மேடையேறியது 1956-ல், பெர்லினில். வாசித்தவர் சீக்ஃப்ரீட் ராப், இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிரிட்டனின் 'டைவர்ஷன்ஸ்' 1940-ல் எழுதியது. இந்த மூன்றையும்தான் ஃப்ளைஷர் பாஸ்டன் சிம்ஃபனியோடு, ஒஸாவா நடத்த, பதிவு செய்தார். சுருதிப்பெட்டிக்கு அகப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

ஹிண்டெமித் சங்கதி இன்னும் விசேஷம். 1923-ல் விட்கென்ஸ்டைனுக்காக எழுதினார். மனிதர் காசு கொடுத்து வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார், யாருக்கும் காட்டவில்லை. 1961-ல் அவர் போனார். மனைவி காலமான பிறகுதான், 2002-ல், பென்சில்வேனியாவில் அவர்கள் வீட்டில் அந்தப் பிரதி கிடைத்தது. முதல் முறையாக மேடையில் வாசித்தது யார் தெரியுமா? ஃப்ளைஷர். 2004 டிசம்பர், பெர்லின் ஃபில்ஹார்மானிக், நடத்தியவர் சைமன் ராட்டில். எழுதி எண்பத்தோரு வருஷம் கழித்து, வாசித்தவருக்கு வயது 76. பழைய லெட்ஜர் ஐயா சொன்னதற்கு இதுவே சாட்சி: 'டூ ஹேண்ட்ஸ்' வந்த அதே வருஷம் அவர் இடது கைக்கு ஒரு புதுப் படைப்பை அரங்கேற்றினார். "திரும்பிவிட்டார்" என்றால் இடது கையை விட்டுவிட்டார் என்று ஆகாது.

அவருக்கென்றே எழுதியதும் உண்டு. கேரி கிராஃப்மன் என்று அவருடைய நண்பர், அவரும் பெரிய பியானோ கலைஞர். 1979 வாக்கில் அவருக்கும் அதே வலது கையில் தகராறு. வில்லியம் போல்கம் இருவருக்குமாக 'கையா' என்று ஒன்று எழுதினார். இரண்டு இடது கைக் கான்செர்ட்டோ. தனித்தனியாகவும் வாசிக்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து வாசித்தால் மூன்றாவதாக ஒன்று ஆகிவிடும். 1996-ல் பால்டிமோரில் இருவரும் அதை வாசித்தார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் பாக் எழுதிய ஷாகோனின் பிராம்ஸ் வடிவம் இருக்கிறது. தனி வயலினுக்கு எழுதியதைப் பிராம்ஸ் இடது கைக்கு மட்டும் மாற்றி, பியானோ கலைஞரான கிளாரா ஷூமனுக்கு அனுப்பினார். நாலு தந்தியில் வயலின்காரன் படும் நெருக்கடி அஞ்சு விரலில் வந்துவிடும். கேட்கக் கொடுங்கள், வாசிக்கக் கொடுக்காதீர்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

சுருதிப்பெட்டி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. லெட்ஜர் ஐயா, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். "நகரு" என்று உட்கார்ந்துவிடும் பழக்கம் எனக்கும் உண்டு, வெட்கமாகப் போய்விட்டது.

ராவெலை நோட்டேஷன் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். ஒன்று கவனித்தேன், சரியா என்று சொல்லுங்கள். வலது கையில் மெட்டு எப்போதும் மேலே, அதாவது சுண்டு விரலிலும் மோதிர விரலிலும். இருப்பதிலேயே நோஞ்சான் விரல்கள். இடது கையில் மேலே இருப்பது கட்டை விரல். அதனால் இடது கை தனியாக வாசிக்கும்போது மெட்டு பலமான விரலுக்குப் போய்விடுகிறது, மற்ற நாலும் கீழே பேஸ் ஸ்வரங்களைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரே கை என்று கண்ணை மூடிக் கேட்டால் நம்ப முடியாததற்கு இதுதான் காரணமா?

இன்னொன்று. மணிக்கட்டு அறுவை சிகிச்சை ஏன் பலிக்கவில்லை? நோய் விரலில் இல்லையா?

தசைநார்:

பிசியோதெரபி செய்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு மட்டும்.

கார்ப்பல் டனல் என்பது மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்குவது. மரத்துப்போவது பெரும்பாலும் கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல். ஃப்ளைஷருக்கு மடங்கியது மற்ற பக்கம். டிஸ்டோனியா விரலிலும் இல்லை, மணிக்கட்டிலும் இல்லை, மூளையில். ஒரே நுணுக்கமான அசைவை ஆயிரக்கணக்கான மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் இருக்கும் எல்லை சிலருக்குக் கலங்கிவிடுகிறது. ஒரு விரலைக் கூப்பிட்டால் பக்கத்து விரலும் எழுந்து வருகிறது. அந்த வேலையைச் செய்யும்போது மட்டும். அதனால்தான் லெட்ஜர் ஐயா இட்லி சாப்பிட முடிந்தது. தொழில்முறை இசைக் கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வருகிறது என்பார்கள்.

போடாக்ஸ் முன்கைத் தசைக்குப் போகும் கட்டளையை அடைக்கிறது, சுமார் மூன்று மாதத்துக்கு. மூளையைத் தொடுவதில்லை. அளவு கொஞ்சம் கூடினால் விரலில் பலமே இருக்காது, குறைந்தால் மடங்கும். பியானோ வாசிப்பவருக்கு அந்த அளவைப் பிடிப்பது கம்பி மேல் நடப்பது.

டீச்சர், பிள்ளைகள் வலிக்கிறது என்றால் அந்த நிமிஷமே மூடி வைக்கச் சொல்லுங்கள். "இன்னும் பத்து தடவை" வேண்டாம்.

பழைய லெட்ஜர்:

தசைநார் தம்பி, "கூப்பிட்டால் பக்கத்து விரலும் எழுந்து வருகிறது" என்று எழுதினீர்களே, பன்னிரண்டு வருஷம் டாக்டர்களிடம் நான் சொல்லத் தெரியாமல் தவித்தது அதுதான்.

டீச்சர், கட்டை விரல் விஷயம் எனக்கு விளங்காத துறை, ஆனால் உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிற மாதிரி படுகிறது. அதை வைத்துக்கொண்டு 'டூ ஹேண்ட்ஸ்' ஆல்பத்தில் ஷோப்பேனின் டி ஃபிளாட் நாக்டர்னைக் கேளுங்கள். முதலில் வலது கையில் ஒற்றை மெட்டு வரும், கொஞ்ச நேரத்தில் அதுவே இரட்டை இரட்டையாகப் போகும். மேல் ஸ்வரம் எந்த விரலுக்கு வரும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த மனிதர் வேறு எதையாவது எடுத்திருக்கலாம். இதைத்தான் எடுத்தார். 1958-ல் இருந்த வேகமும் மினுக்கும் இதில் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததற்குக் கையைப் பிடித்து வழி விடுகிற மாதிரி வரும். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால், 1958-தான் உசத்தி என்று ஒப்புக்கொள்வேன். திரும்பத் திரும்ப எதைப் போடுகிறேன் என்று கேட்டால் அது வேறு.

அதே ஆல்பத்தில் கடைசியில் ஷூபர்ட்டின் பி ஃபிளாட் சொனாட்டா, சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஷூபர்ட் முடித்தது. தொடங்கிய அரை நிமிஷத்துக்குள், மெட்டு ஓய்ந்ததும் அடியாழத்தில் ஒரு ட்ரில் வரும், ரொம்ப மெதுவாக. அதை வாசிப்பது இடது கை. முப்பது வருஷம் தனியாகச் சுமந்த கை, இப்போது வலது கைக்குக் கீழே இருந்துகொண்டு அந்த ஒரு முணுமுணுப்பைச் செய்துவிட்டு நிறுத்தும். நான் அந்த இடத்துக்காகத்தான் அதைப் போடுவது.

அவர் கடைசி வரைக்கும் பீபாடியில் பாடம் சொன்னார். தொண்ணூறு வயதுக்கும் மேடையேறினார். 2020 ஆகஸ்டு 2-ல் பால்டிமோரில் காலமானபோது வயது 92.

சுருதிப்பெட்டி:

நேற்று சாயங்கால வகுப்பில் ஷூபர்ட்டைப் போட்டேன். முதல் முறையாக யாரையும் "நகரு" சொல்லாமல் ஒரு முழு வகுப்பு நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ட்ரில் வந்தபோது இரண்டாம் கிரேடு பையன் ஒருவன் எழுந்து ஜன்னலைப் பார்த்தான்.

"மிஸ், வெளியே லாரி ஏதாவது நிக்குதா?"